திட்ட உதவி அலுவலர் வேலையில் சேரப் போகிறேன், உள்ளே உண்மையில் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

சென்னிமலைக்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இப்போது நம்ம பக்கத்து உள்ளாட்சி ஒன்றில் நடக்கிற குடிநீர்த் திட்டத்துக்குத் திட்ட மேலாண்மைப் பிரிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அதில் திட்ட உதவி அலுவலர் வேலை ஏஜென்சி மூலமாக ஒப்பந்தத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆர்டரில் பணிகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருக்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவது, மாத அறிக்கை, ரிஸ்க் ரிஜிஸ்டர் (வரக்கூடிய இடர்களின் பதிவேடு), ஆவணப் பராமரிப்பு, பிற துறைகளோடு ஒருங்கிணைப்பு, கடைசியாக "மேலதிகாரி அவ்வப்போது ஒப்படைக்கும் இதர பணிகள்". அந்தக் கடைசி வரிதான் முக்கால்வாசி வேலை என்று எங்க சித்தப்பா சிரிக்கிறார், அவர் தாலுகா ஆபீசில் இருந்தவர். நான் படித்தது பி.காம்., சிவில் சுத்தமாகத் தெரியாது. எஸ்டிமேட், எம் புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) என்றெல்லாம் பேசினால் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? பிரின்ஸ்2 மாதிரி ஏதாவது திட்ட மேலாண்மைக் கோர்ஸ் காசு கட்டிப் படிக்கணுமா? தமிழ் டைப்பிங் கட்டாயமா? எது என் வேலை, எது என் வேலை இல்லை என்பதுதான் பெரிய குழப்பம். உள்ளே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரையான்:

வாழ்த்துகள் தோழி. ஸ்மார்ட் சிட்டி மிஷனில் இதே மாதிரி ஒரு பிரிவில் இருந்தேன். கோவை, சேலம், திருப்பூர், ஈரோடு என்று நம்ம பக்கம் நாலு ஊர் அதில் இருந்தது, 2015 ஜூனில் ஆரம்பித்த மிஷன் 2025 மார்ச் 31-ஓடு முடிந்தும் போனது. அதனால் இப்போது நான் வேறு வேலையில் இருக்கிறேன், பயமில்லாமல் எழுதலாம்.

முதலில் ஒன்று. மெர்ச்சண்டைசர் என்று சொன்னீர்களே, அதுதான் உங்களுக்குப் பெரிய பலம். துணி சாயப்பட்டறையில் நிற்கிறதா, லேப் டிப்புக்கு (சாய நிற மாதிரிக்கு) பையர் ஓகே சொல்லிவிட்டாரா, துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்கிற காம்பாக்டிங் முடிந்ததா, ஷிப்மென்ட் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று டி.என்.ஏ. சார்ட்டை (எந்த வேலை எந்தத் தேதிக்குள் என்கிற அட்டவணையை) வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போன் போட்டவர்தானே நீங்கள். இங்கேயும் அதே சார்ட்தான், தலைப்பு மட்டும் மாறும். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே ஆர்டர் கொடுக்கிறது உங்கள் கம்பெனி, அதனால் பட்டறைக்காரர் உங்கள் போனை எடுத்தே ஆக வேண்டும். இங்கே உங்கள் பேச்சைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் யாருக்கும் கிடையாது. செயற்பொறியாளர் உங்களுக்குக் கீழே இல்லை, காண்ட்ராக்டருக்கு நீங்கள் பணம் தருவதில்லை, நெடுஞ்சாலைத் துறைக்கு உங்களைத் தெரியவே தெரியாது. ஆனாலும் ரிப்போர்ட்டில் போட வேண்டிய எல்லாமே இவர்களிடமிருந்துதான் வர வேண்டும். ஆக, நச்சரிக்கிறவர் என்ற பேர் வாங்காமல் நச்சரிக்கத் தெரிய வேண்டும், இந்த வேலையின் முதல் திறமை அதுதான்.

கூட்டக் குறிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் அதில்தான் நேரத்தை வீணாக்குகிறார்கள். ஒருமணி நேரம் யார் யார் என்ன பேசினார்கள் என்று கதை மாதிரி நாலு பக்கம் எழுதி, மூன்று நாள் கழித்து அனுப்பினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், அவ்வளவுதான் வேண்டும். "விரைவில்", "உடனடியாக" என்று எழுதவே எழுதாதீர்கள், தேதி போடுங்கள். கூட்டத்தில் யாரும் தேதி சொல்லவில்லையா, கலைவதற்கு முன்னால் எழுந்து "சார், இதுக்கு 20-ஆம் தேதின்னு போட்டுக்கட்டுங்களா" என்று கேட்டுவிடுங்கள். முதல் தடவை முறைப்பார்கள், அப்புறம் பழகிவிடும். இன்னொன்று, பொறுப்பு என்கிற இடத்தில் ஆளின் பெயரை எழுதாமல் பதவியை எழுதுங்கள். நம்ம ஊரில் ட்ரான்ஸ்ஃபர் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பெயரை எழுதினால் ஆள் மாறியதும் வேலை அநாதையாகிவிடும், புதிதாக வந்தவர் "அது அவர் ஒத்துக்கிட்டது" என்பார். அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் போன கூட்டத்தின் நிலுவைகளுக்குத்தான் என்று மேலதிகாரியிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், அது ஒன்று நடந்தாலே பாதி வேலை தானாக நகரும்.

அப்புறம் எண்கள். குழாய் எத்தனை கிலோமீட்டர் பதித்தாயிற்று என்று கேட்டால் காண்ட்ராக்டர் ஒன்று சொல்வார், உதவிப் பொறியாளர் ஒன்று சொல்வார், கன்சல்டன்ட் மூன்றாவதாக ஒன்று சொல்வார். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒருவர் சைட்டுக்கு வந்து இறங்கிய குழாயைச் சேர்த்துக்கொள்வார், ஒருவர் பதித்து மண் மூடியதைச் சொல்வார், ஒருவர் அழுத்தச் சோதனை முடித்ததை மட்டும் சொல்வார். மக்களுக்கு முடிந்தது என்றால் ரோடு பழையபடி போட்டு வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதுதான். இந்த நாலுக்கும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை போட்டு, எந்தத் தேதி நிலவரம், யார் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள். நிதி முன்னேற்றமும் இதே மாதிரிதான், பொருள் வந்து இறங்கியதுமே அதற்கு ஒரு பகுதி பணம் கொடுக்கிற ஒப்பந்தங்கள் உண்டு. செலவு 50 சதவீதம், வேலை 30 சதவீதம் என்று தெரிந்தால் மேலே இருப்பவர் கண்டிப்பாகக் கேட்பார், கேட்கும்முன் காரணம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

கருங்கல்பாளையத்தான்:

கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏஜென்சி மூலம் போகிற வேலை, சம்பளம் எப்போது வரும் என்பதே அவன் பில் எப்போது பாஸ் ஆகிறது என்பதைப் பொறுத்தது. நான் இருந்த இடத்தில் தீபாவளி மாதச் சம்பளம் கார்த்திகை தாண்டித்தான் வந்தது. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பி.எஃப். பிடிக்கிறார்களா, யு.ஏ.என். நம்பர் (உங்கள் பி.எஃப். அடையாள எண்) கொடுத்தார்களா என்று முதல் மாதமே பார்த்துவிடுங்கள். கோர்ஸுக்குக் கொடுக்கிற காசையும் நேரத்தையும் டி.என்.பி.எஸ்.சி.க்குப் போட்டால் பலன் உண்டு.

லெஸ்டர்_கோபிக்காரன்:

மேலே சொன்னவர் சொல்வதில் பி.எஃப். விஷயம் நூற்றுக்கு நூறு. மற்றதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் இங்கே இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் இதே பதவியில்தான் இருக்கிறேன். இந்தப் பதவிப் பெயரே இங்கே அரசு அலுவலகங்களில் சாதாரணமாகப் புழங்குவதுதான். பிரின்ஸ்2 கேட்டீர்களே, அதுவும் இங்கிலாந்து அரசு வளர்த்த முறைதான். 1989-இல் அரசின் கணினித் திட்டங்களுக்காக பிரின்ஸ் என்று கொண்டுவந்தார்கள், 1996-இல் எல்லாத் திட்டத்துக்கும் பொருந்துகிற மாதிரி மாற்றி பிரின்ஸ்2 ஆக்கினார்கள். அதன்படி பார்த்தால் திட்ட உதவி என்பது தனியாக ஆள் போட்டே ஆக வேண்டிய இடம் கூட இல்லை, ஆள் இல்லாவிட்டால் திட்ட மேலாளரே அந்த வேலையையும் பார்க்க வேண்டும். சேருவதற்கு முன்னால் காசு கட்டிப் படிக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டுப் படித்தால் அதில் சொல்கிற ஒவ்வொன்றுக்கும் உங்கள் மனதில் ஒரு உதாரணம் இருக்கும், இப்போது படித்தால் மனப்பாடம்தான்.

ஆனால் ரிஸ்க் ரிஜிஸ்டரை மட்டும் இப்போதே புரிந்துகொள்ளுங்கள். இங்கேயும் சரி, அங்கேயும் சரி, மிக மோசமாக எழுதப்படுவது அதுதான். வரப்போவது ரிஸ்க், வந்துவிட்டது பிரச்சனை, இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். "மழை" என்று ஒற்றை வார்த்தையில் எழுதி வைத்தால் அதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதனால், என்ன நடக்கலாம், நடந்தால் என்ன கெடும், யார் கவனிப்பது, இப்படி எழுத வேண்டும். நம்ம ஊரையே உதாரணமாகச் சொல்கிறேன், எங்கள் அப்பா கீழ்பவானிப் பாசன விவசாயி. உங்கள் குழாய் எங்காவது கீழ்பவானி வாய்க்காலைக் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறந்துவிடுவார்கள், அப்புறம் தை மாதம் மறுபடியும் ஒரு சுற்று, சித்திரை வரை போகும். அப்படியானால் வாய்க்காலுக்கு அடியில் வேலை பார்க்கக் கிடைப்பது மே முதல் ஆகஸ்ட் நடுவரைதான். நீர்வளத் துறை அனுமதி ஜூலையில் வந்தால் என்ன ஆகும்? அந்த வருடம் போச்சு. இதுதான் ரிஸ்க். அனுமதிக் கடிதம் ஜனவரியிலேயே போக வேண்டும் என்பது அதற்கான நடவடிக்கை. இதை எழுத சிவில் படித்திருக்கத் தேவையில்லை, ஊர் தெரிந்தால் போதும். வடமாநிலத் தொழிலாளர்கள் சாத் பூஜைக்கும் ஊர்த் தேர்தலுக்கும் கிளம்பிப் போவதும் அப்படித்தான், அது திருப்பூரில் இருந்த உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலவரம் காட்டச் சொல்வார்கள். எல்லாமே பச்சையாக இருக்கிற ரிப்போர்ட்டை நான் நம்புவதே இல்லை. சிவப்பு போட்டால் மேலே இருப்பவருக்குக் கோபம் வரும், அதனால் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள், மற்றவர்கள் முன்னால் வைத்து அவரைத் திகைக்க விடாதீர்கள். ஆனால் போடாமல் விடாதீர்கள்.

பழைய_ஏ.இ.:

அம்மிணி, நான் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் சொன்னதெல்லாம் சரி, நான் கோப்பு பக்கம் சொல்கிறேன்.

சிவில் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ஒரு வேலை எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொண்டால் போதும். மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்), ஏற்புக் கடிதம், ஒப்பந்தம், பணி உத்தரவு, இடத்தை ஒப்படைப்பது. இதில் எந்தப் படியில் எந்த மேசையில் கோப்பு நிற்கிறது என்று உடனே சொல்லத் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் தனி மரியாதை. மன்றத் தீர்மானம் தேவைப்படுகிற விஷயமாக இருந்தால் அடுத்த மன்றக் கூட்டம் எப்போது, பொருள் நிரலில் சேர்க்க எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்பதையும் உங்கள் அட்டவணையில் சேருங்கள். இதை விட்டுவிட்டு ஒரு மாதம் தள்ளிப்போன வேலைகள் நிறைய.

டெண்டருக்கு நாள் கணக்குப் போடும்போது அவசரப்படக் கூடாது. 1998-ஆம் வருட ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத் தன்மைச் சட்டம், 2000-ஆம் வருட விதிகள், இரண்டும் இணையத்தில் கிடைக்கும், ஒரு தடவை படியுங்கள். 2 கோடி வரை மதிப்புள்ளதற்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேலே 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் ஒருபடி மேலே இருக்கிற அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும். இது தெரியாமல் "அடுத்த வாரம் ஒர்க் ஆர்டர்" என்று ரிப்போர்ட்டில் எழுதி வைக்கிறவர்கள் உண்டு. தேர்தல் நடத்தை விதி வருகிற மாதங்களையும் சேர்த்துப் பாருங்கள், தளத்தில் தொடங்கிவிட்ட வேலை நடக்கலாம், புதிதாகத் தொடங்க முடியாது.

இன்னொரு பதிவேடு, பேச்சுவாக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லாவற்றையும்விட அதற்குத்தான் மதிப்பு என்பேன். தடைப் பதிவேடு, ஹிண்டரன்ஸ் ரிஜிஸ்டர். மின்கம்பம் மாற்றித் தராததால் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்த இடத்தில் வேலை நின்றது, நெடுஞ்சாலைத் துறை ரோடு வெட்ட அனுமதி தராததால் இத்தனை நாள், ஒரு தோட்டத்துக்காரர் குழாய் போக விடாததால் இத்தனை நாள். அன்றன்றைக்கு எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். காலநீட்டிப்பு கேட்கும்போதும், தாமதத்துக்கு அபராதம் பிடிக்கலாமா என்று பார்க்கும்போதும், நாளைக்கு விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போனாலும் பேசப்போவது அந்தப் பதிவேடுதான். இரண்டு வருடம் கழித்து உட்கார்ந்து ஞாபகத்தில் எழுதினால் அதற்கு மதிப்பே இல்லை. எழுத வேண்டியது சைட்டில் இருக்கிற பொறியாளர்தான், ஆனால் வாரம் ஒருமுறை "எழுதினீங்களா சார்" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும், அது நீங்கள்.

அத்திக்கடவு அவிநாசித் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2019-இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் தொடக்கம், 1,916 கோடி ரூபாய், 6 நீரேற்று நிலையம், 1,045 குளம் குட்டைகளுக்கு 1,065 கிலோமீட்டர் குழாய். பேப்பரில் வருவது இவ்வளவுதான். அந்தக் குழாய் எத்தனை பேருடைய தோட்டம் வழியாகப் போயிருக்கும், எத்தனை பேருக்கு இழப்பீடு கணக்குப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எங்கோ ஒருவர் அட்டவணையில் ஒரு வரி வைத்துத்தான் இருந்திருப்பார்.

சென்னிமலைக்காரி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஏ.இ. ஐயா, ஒரு சந்தேகம். எம் புக்கில் நான் ஏதாவது எழுத வேண்டி வருமா? காண்ட்ராக்டர் பில்லைச் சரிபார்க்கச் சொன்னால் நான் எதுவரைக்கும் பார்க்கலாம்? அப்புறம் தமிழ் டைப்பிங் பற்றி யாரும் சொல்லவில்லை.

பழைய_ஏ.இ.:

நல்ல கேள்வி அம்மிணி. எம் புக்கைத் தொட வேண்டாம். அளவெடுத்து எழுதுவது உதவிப் பொறியாளர், மேலளவு சரிபார்ப்பது அவருக்கு மேலே இருப்பவர். "கையெழுத்து நல்லா இருக்கு, நீங்களே எழுதிடுங்க" என்று யாராவது சிரித்துக்கொண்டே நீட்டுவார்கள், நீங்களும் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுங்கள். நீங்கள் பார்க்கலாம் என்பது இவ்வளவுதான்: பில்லோடு வர வேண்டிய இணைப்புகள் எல்லாம் வந்திருக்கிறதா, கூட்டல் சரியா, போன பில்லில் கொடுத்ததைக் கழித்திருக்கிறார்களா, பிடித்தம் செய்ய வேண்டியது பிடிக்கப்பட்டிருக்கிறதா, வங்கி உத்தரவாதம் எந்தத் தேதியில் காலாவதியாகிறது. இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் பார்க்க மாட்டார்கள், உத்தரவாதம் காலாவதியான பிறகுதான் தேடுவார்கள். நீங்கள் இரண்டு மாதம் முன்னதாகவே ஞாபகப்படுத்திக் குறிப்பு வையுங்கள். பில் சரி என்று சான்று தருகிற இடத்தில் மட்டும் உங்கள் கையெழுத்து இருக்கக் கூடாது.

ஒப்பந்த ஊழியர்தானே, நமக்கென்ன என்று நினைக்கவும் வேண்டாம். 1988-ஆம் வருட ஊழல் தடுப்புச் சட்டத்தில் பொது ஊழியர் என்பதற்குக் கொடுத்திருக்கிற விளக்கம் ரொம்ப அகலம். தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வரும், அதோடு கவர் வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைக்கிற ஸ்வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரையான்:

டைப்பிங் நான் சொல்கிறேன். கட்டாயம் என்று ஆர்டரில் இருக்காது, ஆனால் தெரியாவிட்டால் கஷ்டப்படுவீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் "குழாய்க்குத் தோண்டிய குழியை மூடவில்லை, ஸ்கூல் வேன் வரமுடியவில்லை" என்று மனு கொடுப்பார்கள், 1100-க்குப் போன் போட்டும் சொல்வார்கள், அதெல்லாம் சுற்றி உங்கள் மேசைக்கு வரும், பதில் தமிழில்தான் போக வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தால் 30 நாளுக்குள் பதில், பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்துப் போடுவார், விவரம் திரட்டித் தருவது நீங்களாகத்தான் இருக்கும்.

பழைய கோப்புகள் வானவில் எழுத்துருவில் இருக்கும், உங்கள் கணினியில் திறந்தால் கன்னாபின்னா என்று தெரியும், பயப்பட வேண்டாம், யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறியிருக்கும். தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள், ஒன்றாம் தேதிக்குள் வேகம் வராது, மெதுவாகவாவது அடிக்க வந்துவிடும். கடிதத்தில் "பொருள்", "பார்வை" (எந்த முந்தைய கடிதத்தைக் குறித்து என்பது) இரண்டும் ஒழுங்காக இருக்க வேண்டும். பார்வையில் ந.க. எண்ணும் (அந்தக் கடிதத்தின் கோப்பு எண்) தேதியும் தப்பாகப் போனால் கடிதம் அப்படியே திரும்பி வரும். பழைய கடிதங்கள் பத்தை எடுத்துப் படித்தாலே நடை பிடிபட்டுவிடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்று விட்டுவிட்டேன். கோப்புப் பெயர் வைப்பது. "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் கமிஷனர் பார்த்தது" என்று நாலு எக்செல் இருக்கும், எது மேலே போனது என்று யாருக்கும் தெரியாது. தேதியை முதலில் வைத்துப் பெயர் போடுங்கள், மேலே அனுப்பியதைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் வருகிற சைட் போட்டோக்களை அன்றன்றைக்கே இறக்கி இடம், தேதியோடு சேமியுங்கள். குரூப்பிலேயே கிடக்கட்டும் என்று விட்டால், போனை மாற்றுகிற அன்றைக்கு எல்லாம் போய்விடும்.

கருங்கல்பாளையத்தான்:

சரி, சேருவது என்று முடிவு பண்ணிவிட்டீர்கள், அப்படியானால் மார்ச் மாதத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசுப் பணம் வருகிற திட்டமாக இருந்தால் பயன்பாட்டுச் சான்றிதழ் (வந்த பணத்தை அதற்கே செலவு செய்தோம் என்கிற சான்று) போகாமல் அடுத்த தவணை வராது. ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-சி படிவம் என்று கேட்பார்கள், கடைசி வாரத்தில் எல்லோரும் அதற்காக ஓடுவார்கள். நீங்கள் செலவுக் கணக்கை மாதாமாதம் கணக்குப் பிரிவோடு ஒப்பிட்டு வைத்திருந்தால் அந்த வாரம் வீட்டுக்கு நேரத்துக்குப் போகலாம். உங்கள் எக்செலும் அவர்கள் கேஷ்புக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் கேஷ்புக்தான் சரி, வாக்குவாதம் செய்யாமல் வித்தியாசம் எங்கே என்று தேடுங்கள். பெரும்பாலும் பிடித்தம் செய்த வரியை ஒருவர் சேர்த்திருப்பார், ஒருவர் விட்டிருப்பார்.

சென்னிமலைக்காரி:

குறித்துக்கொண்டேனுங்க. இந்த வாரம் டெண்டர் விதிகளும் தமிழ்99-ம். தடைப் பதிவேட்டுக்கு மாதிரிப் படிவம் யாரிடமாவது இருந்தால் நெடுவரிசைகளின் தலைப்பை மட்டும் இங்கே போடுங்கள்.

பழைய_ஏ.இ.:

வரிசை எண், இடம் (சங்கிலி அளவோடு, அதாவது தொடக்கப் புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு), தடையின் தன்மை, தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, மொத்த நாட்கள், வேறு தடையோடு ஒரே நேரத்தில் வந்த நாட்கள், நிகர நாட்கள், ஒப்பந்ததாரர் கையெழுத்து, பொறியாளர் கையெழுத்து, குறிப்பு. ஒன்றுக்கொன்று மேலே விழுகிற நாட்களுக்கான நெடுவரிசையை விட்டுவிடாதீர்கள் அம்மிணி, ஒரே பத்து நாளை இரண்டு தடவை எண்ணிக் காலநீட்டிப்பு கேட்பார்கள்.